எழுதுபவர் முடிவுக்கு விடப்பட்டது

ஜூன் 4, ஞாயிறு

பதினோரு நாளுக்குப் பிறகு இன்று காலை குழாயில் தண்ணீர் வந்தது. கணவர் இளங்கோ மாடித் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். நான் வெளியே நின்று வாளி வாளியாகச் சேற்றுத் தண்ணீரை வாங்கி ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று. மதியம் தயிர்சாதத்தோடு முடித்துக்கொண்டோம். கடைவாய்ப் பல் மறுபடி ஆரம்பித்திருக்கிறது. இடது பக்கம் மென்றால் உச்சந்தலை வரை இழுக்கிறது.

மாலை ஆறு மணிக்கு எங்கள் முதலாளி தண்டபாணி சார் கூப்பிட்டார். பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் இருக்கிற பிரசவ மருத்துவமனையில் மூன்று மணியிலிருந்து அவசர எண் வேலை செய்யாமல் இருந்ததாம். பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஏணியை வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று, போன்களுக்கு மின்சாரமும் இணைப்பும் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்கள். எங்கள் கம்பெனியில் போன்களை மாட்டுவதும் பராமரிப்பதும் சகாயம் அண்ணன், சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஐந்து மணிக்குச் சரிசெய்துவிட்டார். நாளைக்கு ஒரு சின்ன அறிக்கை போதும் என்றார் சார்.

ஜூன் 5, திங்கள்

அலுவலகம் போனதும், அழைப்புகளை வாங்கி போன்களுக்கு அனுப்பும் எங்கள் சர்வரின் பதிவைத் திறந்தேன். மருத்துவமனையின் மூன்று போன்களும் 3.10க்கு ஒன்றாகச் செத்து, 5.05க்கு ஒன்றாக உயிர்பெற்றிருக்கின்றன. இடையில் பதின்மூன்று அழைப்புகள். அவற்றில் பதினொன்று ஒரே கைபேசியிலிருந்து வந்தவை. 3.41க்கு முதலாவது, 3.56க்குக் கடைசி. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம். பிறகு அந்த எண் கூப்பிடவில்லை. 4.20க்கு மருத்துவமனை மேலாளரே வெளியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். தொடர்புகொள்ள இயலவில்லை என்ற அறிவிப்பைக் கேட்ட பிறகுதான் சகாயம் அண்ணனைத் தேடியிருக்கிறார்.

அறிக்கை முக்கால் பக்கம் வந்தது. போன்களுக்கு மின்சாரம் இல்லை, சர்வர் தரநிலைப்படி இயங்கியது, இனி பெட்டிக்குப் பூட்டு அவசியம். மூன்றும் உண்மை.

பதினோரு முறை கூப்பிட்டவர் யாரோ, பொறுமைசாலி.

ஜூன் 7, புதன்

சார் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

அந்தப் பதினோரு அழைப்பும் திருமலைச்சாமி என்பவருடையது. ஓடைப்புதூரில் தென்னைநார் மில்லில் வேலை. மனைவி இந்திராணி, வயது இருபத்தாறு. அதே மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். எந்த அவசரமானாலும் முதலில் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள், எங்கள் வண்டி வரும் என்று அதில் போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு மேல் அந்தப் பெண்ணுக்கு உதிரப்போக்கு தொடங்கியிருக்கிறது. அவர் அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார். நாலு மணிக்கு அடுத்த தெருவுக்கு ஓடி ஒரு டெம்போவைப் பிடித்திருக்கிறார். மருத்துவமனைக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது உயிர் போய்விட்டது.

அவர் போலீசில் எழுதிக்கொடுத்ததை சார் தன் போனிலிருந்து படித்துக் காட்டினார். "மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சுங்க. இப்ப எடுத்துருவாங்க, இப்ப எடுத்துருவாங்கன்னு நின்னுட்டனுங்க."

பெட்டிக்குப் பூட்டுப் போட வேண்டியது யார் பொறுப்பு என்பதை அறிக்கையில் தெளிவாக எழுதச் சொன்னார் சார். சரி என்றேன். வெளியே வந்து இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

ஜூன் 8, வியாழன்

பல் டாக்டர். வேர் சிகிச்சை. மூன்று முறை வர வேண்டுமாம்.

ஜூன் 9, வெள்ளி

காலையில் இளங்கோவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் நடத்துகிறவர், போன் சமாச்சாரம் தெரியாது. பிளக்கைப் பிடுங்கின போன் எப்படி அடிக்கும், பாவம் அந்த ஆள் பதட்டத்தில் ஏதோ சொல்லியிருக்கிறார் என்றார்.

நான் விளக்கினேன். ஒருவரைக் கூப்பிடும்போது நம் காதில் கேட்கிற மணிச் சத்தம் அந்தப் பக்கத்து போனிலிருந்து வருவதல்ல. அங்கே அடிக்கத் தொடங்கிவிட்டது என்று ஒரு செய்தி மட்டும் வரும். அது வந்ததும் இந்தப் பக்கத்து இயந்திரம் தானாக ஒரு சத்தத்தை உண்டாக்கி நம் காதுக்குக் கொடுக்கும். நடுவில் இருப்பது எங்கள் சர்வர்.

"அப்ப அந்தச் செய்தி போகாம அவர் காதுல சத்தம் வந்திருக்காதில்ல?" என்றார்.

தோசை கருகுகிறது என்று எழுந்துவிட்டேன்.

அலுவலகத்தில் வேலை எதுவும் ஓடவில்லை. இன்டர்நெட் வழியே போகும் அழைப்புகள் எப்படித் தொடங்க வேண்டும், எப்படி முடிய வேண்டும் என்று சொல்லும் தரநிலையை மறுபடி எடுத்து வாசித்தேன். இருநூறு பக்கத்துக்கு மேல். இதைச் செய்தே ஆகவேண்டும் என்று சில இடங்களில் சொல்லும். செய்தால் நல்லது என்று சில இடங்களில். செய்யலாம் என்று சில இடங்களில். மீதியை நிரல் எழுதுபவர் முடிவுக்கு விட்டுவிடும். கூப்பிட்டவர் காதில் எந்த நேரத்தில் என்ன கேட்க வேண்டும் என்பது அப்படி விடப்பட்டதுதான். ஒரு போன் நான் இருக்கிறேன் என்று சர்வருக்குச் சொன்ன பிறகு எவ்வளவு நேரம் வரை அது இருப்பதாக நம்பலாம் என்பதும் ஏறக்குறைய நம் கையில்தான். நாங்கள் ஒரு மணி நேரம் வைத்திருந்தோம். பலரும் அப்படித்தான் வைக்கிறார்கள். வயர் பிடுங்கப்பட்ட போன் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு போவதில்லை. கடைசியாக 3.08க்கு இருப்பைச் சொல்லி 3.10க்குச் செத்தவற்றை 4.08 வரை சர்வர் உயிரோடு இருப்பதாக நினைத்தது. அதன் பிறகுதான் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆகவே 4.20க்குக் கூப்பிட்ட மேலாளருக்கு மட்டும் தொடர்பு இல்லை என்ற அறிவிப்பு கேட்டது.

இதில் தவறு என்று யாரும் விரல் வைக்க முடியாது.

ஜூன் 12, திங்கள்

இரண்டு வருடத்துக்கு முந்தைய மின்னஞ்சல்களைத் தேடி எடுத்தேன். அப்போது மருத்துவமனைப் பக்கம் இணையம் மெதுவாக இருந்தது. எண்ணைப் போட்டால் ஐந்தாறு நொடி சத்தமே வருவதில்லை, லைன் செத்துவிட்டதென்று ஜனங்கள் வைத்துவிடுகிறார்கள் என்று மேலாளர் நாலு முறை புகார் எழுதியிருக்கிறார். நான்காவது கொஞ்சம் காட்டமானது. அதற்குத் தீர்வாகச் சர்வரின் நிரலில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. அழைப்பு வந்த உடனே, பட்டியலில் போன் இருந்தால் போதும், அதைத் தேடத் தொடங்கும் முன்பே, அடிக்கிறது என்ற செய்தியைச் சர்வரே அனுப்பிவிடும். புகார் நின்றது. நன்றி சொல்லி ஒரு மடல்கூட வந்திருக்கிறது.

அந்த வரியின் மேல் சுட்டியை வைத்தால் எழுதியவர் பெயரும் தேதியும் தெரியும். தெரிந்தது. மூடிவிட்டேன்.

அந்தச் செய்திக்குத் தரநிலை கொடுக்கும் பொருள், மறுமுனை இயந்திரம் ஆளை எழுப்ப முயன்றுகொண்டிருக்கிறது என்பது. முயல்கிறது, அவ்வளவுதான். எங்கள் சர்வர் மூன்று போன்களையும் மாற்றி மாற்றி முயன்றுகொண்டுதான் இருந்தது.

ஜூன் 15, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் சகாயம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். ஐம்பத்திரண்டு வயது. இந்தக் கம்பெனிக்கு வந்த நாளிலிருந்து அவரைத் தெரியும். வெயிலில் சுற்றியே கழுத்துக் கறுத்த மனிதர். போலீஸ் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்திருக்கிறது. பெயின்ட் கான்ட்ராக்டர் பெயரோடு தன் பெயரையும் எழுதிக்கொண்டார்கள் என்றார். டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"எனக்கு ஒண்ணு புரியலை மேடம். அந்தத் தம்பி மணி அடிச்சுதுங்குது. ஸ்டேஷன்ல என் எதிர்ல வச்சே சொல்லுச்சு. பொய் சொல்ற மூஞ்சியாத் தெரியலை. பிளக்கே இல்லாம எப்படி மேடம் அடிக்கும்?"

சில சமயம் நெட்வொர்க் கம்பெனிகள் இடையில் ஏதாவது சத்தம் போடுவார்கள் என்றேன். அப்படியா என்றார். இருபத்தைந்து வருடம் வயர் இழுத்த ஆள் அப்படியா என்று கேட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டார்.

நெட்வொர்க் கம்பெனிகள் அப்படிச் செய்வதும் உண்டுதான்.

ஜூன் 19, திங்கள்

மருத்துவமனையிலிருந்து பதில் அறிக்கை வந்திருக்கிறது. சார் எனக்கும் அனுப்பினார். அதன் சாரம்: போன்கள் மூன்றும் செயலிழந்திருந்தன, ஆகவே மணி அடித்தது என்பது நடக்க முடியாதது. 4.20க்கு மேலாளரே அழைத்துத் தொடர்பு இல்லை என்ற அறிவிப்பைக் கேட்டிருக்கிறார். கணவரும் அதையேதான் கேட்டிருக்க வேண்டும். கேட்ட உடனே 108ஐயோ அண்டை வீட்டாரையோ அழைக்காமல் பதினைந்து நிமிடம் வீணாக்கியவர், அந்தத் தாமதத்தை மறைக்கவே மணி அடித்ததாகச் சொல்கிறார்.

இணைப்பாக என் அறிக்கை. என் கையெழுத்தோடு.

இந்திராணிக்கு இரண்டு அண்ணன்கள். இதைக் கேள்விப்பட்டு அவர்கள் திருமலைச்சாமியை மில் வாசலில் வைத்து அடித்துவிட்டார்களாம். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அவன் குடித்துவிட்டுக் கிடந்திருப்பான், அதனால்தான் நேரம் போயிற்று என்று ஊரில் பேச்சு. இதையெல்லாம் சகாயம் அண்ணன்தான் சொன்னார்.

என் அறிக்கையில் அவர் பொய் சொல்கிறார் என்று நான் எங்கும் எழுதவில்லை.

ஜூன் 24, சனி

சகாயம் அண்ணனை வேலையிலிருந்து நிறுத்திவைத்து சார் கடிதம் கொடுத்தார். பூட்டுப் போடாததை ஒப்புக்கொண்டு ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கினார். கம்பெனியைக் காப்பாற்றிக்கொள்ளத்தான், மூன்று மாதத்தில் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்றாராம். அண்ணன் என்னைப் பார்த்து, மேடம் எழுதின ரிப்போர்ட்டுல என்ன இருக்கோ அதுதான் எனக்கும் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது.

ஜூன் 28, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது. பல்லுக்கு இரண்டாவது முறை.

ஜூலை 3, திங்கள்

இன்ஸ்பெக்டர் போனில் பேசினார். மரியாதையான மனிதர். தொழில்நுட்பம் தெரிந்தவர் என்ற முறையில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"அந்த நேரத்துல ஆஸ்பத்திரில போன் அடிச்சிருக்க வாய்ப்பு இருக்குங்களா?"

மருத்துவமனையில் அடித்திருக்க வாய்ப்பே இல்லை என்றேன்.

நன்றி சொல்லி வைத்தார். அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது சரியான பதில். வேறு கேள்வி கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

ஜூலை 4, செவ்வாய்

சொல்லியிருப்பேனா.

ஜூலை 11, செவ்வாய்

பெயின்ட் கான்ட்ராக்டர் மீதும் சகாயம் அண்ணன் மீதும் வழக்குப் பதிந்துவிட்டார்கள். கவனக்குறைவால் மரணம். ஸ்டேஷனிலேயே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ஆனால் அவர் மகளுக்கு ஆகஸ்டில் நிச்சயம் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். திருமலைச்சாமி மீதும் மச்சான்கள் தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள்.

சாதாரணமாக இளங்கோ இந்த நோட்டைத் தொடமாட்டார். இன்று தேடிக்கொண்டிருந்த ரேஷன் கார்டு இதன் அடியில் இருந்தது. திறந்து படித்தாரா என்று தெரியாது. மாலை காபி கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்காமல், "நீ அந்த மில்லுப் பையனைப் போய்ப் பார்த்தியா?" என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 14, வெள்ளி

சாரிடம் போனேன். அந்த வரியை எடுத்துவிடலாம் என்றேன். உண்மையில் ஒரு போனாவது அடிக்கத் தொடங்கிய பிறகுதான் கூப்பிட்டவருக்கு மணிச் சத்தம் போக வேண்டும், ஆறு நொடிக்குள் எந்த போனும் பதில் தராவிட்டால் தொடர்பு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அரை நாள் வேலை.

சார் நாற்காலியில் சாய்ந்தார். எந்த வரி என்று கேட்கவில்லை. அந்த வரியைப் பற்றி அவருக்கு இதுவரை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது.

"இப்ப மாத்தினா, முன்னாடி இருந்தது தப்புன்னு நாமளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிரும் மங்கை. கேஸ் முடியட்டும். நாம யாருகிட்டயும் பொய் சொல்லலையே. கேட்டதுக்கு பதில் சொல்லியிருக்கோம்."

இதே சர்வர் இன்னும் முப்பத்தெட்டு இடங்களில் ஓடுகிறது. அவற்றில் ஒன்பது மருத்துவமனைகள். அதைச் சொன்னேன். அத்தனை இடத்திலும் ஒரே நாளில் பிளக்கைப் பிடுங்கிவிடப்போவதில்லை என்றார்.

ஜூலை 22, சனி

ஓடைப்புதூருக்குப் போய்வந்தேன். பொள்ளாச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து டவுன் பஸ், பிறகு ஒரு கிலோமீட்டர் நடை. வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மில்லுக்குக் கைகாட்டினாள்.

தூசி படலமாக மிதக்கிற கொட்டகையின் பின்பக்கம் நார் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். திருமலைச்சாமிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான ஆள், இடது புருவத்தில் ஆறிய வெட்டு. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்தார். போன் கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் மறுபடி விசாரணை என்று நினைத்துக்கொண்டு தன் கைபேசியை எடுத்துக் காட்டத் தொடங்கிவிட்டார். பதினோரு அழைப்புகளையும் படம் பிடித்து வைத்திருக்கிறார். யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுகிறார் போலிருக்கிறது.

நார் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைத் துடைத்து உட்காரச் சொன்னார். அன்று நடந்ததைக் கேட்காமலேயே சொன்னார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இந்திராணி கட்டிலிலிருந்து எழுந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாவாடை நனைந்திருந்தது. பயப்படாதே, வண்டி வந்துவிடும் என்று இவர் ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் சத்தம் தானாக நின்றதும் உடனே மறுபடி போட்டார். நாலைந்து தடவைக்குப் பிறகு இந்திராணியே, யாரையாவது கூட்டிட்டு வாங்க என்றிருக்கிறாள். லைன் போகிறது, எடுத்துவிடுவார்கள், இந்த நிலையில் உன்னைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்று இவர் நின்றுவிட்டார்.

காலடியில் கிடந்த நாரைப் பொறுக்கி மூட்டைக்குள் திணித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எல்லாரும் அடிச்சிருக்காது அடிச்சிருக்காதுங்கறாங்க. இப்பெல்லாம் எனக்கே சந்தேகமா இருக்குதுங்க. நெசமாலுமே காதுல கேட்டுதா, இல்ல நானா நெனச்சுக்கிட்டு நின்னுட்டனான்னு."

பஸ்ஸில் வரும்போது நான் தயாரித்து வைத்திருந்தது எல்லாம் விளக்கம். சர்வர் என்றால் என்ன, தரநிலை என்றால் என்ன, யார் யார் கையில் எது என்று. அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"கேட்டுதுங்க. பதினோரு தடவையும் மணி கேட்டுது. நீங்க சொல்றது உண்மை" என்றேன்.

கைபேசியை இறக்கி மடியில் வைத்தார்.

அங்கே போன் அடிக்கவில்லை, ஆனால் உங்கள் காதுக்கு அந்தச் சத்தத்தை வரவைத்தது எங்கள் சர்வர், அப்படிச் செய்யச் சொல்லி எழுதியது நான் என்றேன். ஏன் என்று கேட்டார். கூப்பிடுகிறவர்கள் சத்தம் வராவிட்டால் வைத்துவிடுகிறார்கள் என்று ஆஸ்பத்திரியில் குறை சொன்னார்கள், வைக்காமல் காத்திருக்கட்டும் என்று எழுதினேன் என்றேன். காத்திருக்கட்டும் என்ற சொல் நான் சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இப்ப வேற யாராச்சும் கூப்பிட்டா?"

இன்னும் அப்படியேதான் இருக்கிறது என்றேன்.

"இதை அங்க ஸ்டேஷன்ல வந்து சொல்லுவீங்களா?" என்றார். சொல்கிறேன் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை. வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்.

ஜூலை 24, திங்கள்

காலை எட்டு மணிக்கே அலுவலகம் போனேன். ஒரு வரியை எடுத்தேன், பதினாறு வரி எழுதினேன். இரண்டு பழைய போன்களைக் கழற்றி மாட்டிச் சோதித்தேன். பத்தரைக்கு மருத்துவமனையில், பன்னிரண்டரைக்குள் மற்ற ஒன்பது மருத்துவமனைகளில், மூன்று மணிக்குள் எல்லா இடத்திலும் ஏற்றிவிட்டேன். மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் இப்படி எழுதினேன்: எந்த போனும் அடிக்காதபோது அடிப்பதாகச் சர்வர் சொல்லிக்கொண்டிருந்தது, இரண்டு வருடத்துக்கு முன் அதை நான் சேர்த்தேன், ஜூன் 4 அன்று பதினோரு முறை அப்படிச் சொன்னது. கீழே மங்கையர்க்கரசி என்று முழுப் பெயர்.

பிறகு சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். இந்தக் கம்பெனியை நம்பிப் பதினான்கு பேர் குடும்பம் இருக்கிறது என்றார். தெரியும் என்றேன். லேப்டாப்பை வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஜூலை 26, புதன்

சகாயம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்கவில்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று முழுவதையும் கேட்டார். அவர் மகள் ஜன்னலருகே நின்றிருந்தாள். மன்னிப்பு என்ற சொல்லை நான் தொடங்கும்போதே கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூட்டு போடாதது நான்தான் மேடம். அதுல மாத்தமில்லை. ஆனா நான் உங்ககிட்ட வந்து கேட்டேன். டிபன் பாக்ஸைக் கையில வச்சுக்கிட்டு நின்னு கேட்டேன்."

உள்ளே போய்விட்டார்.

ஆகஸ்ட் 2, புதன்

ஸ்டேஷனில் மூன்று மணி நேரம். இன்ஸ்பெக்டர் எழுத எழுத நான் சொன்னேன். சர்வர் பதிவின் நகல், பழைய மின்னஞ்சல்கள், நான் எடுத்த வரி, ஜூன் அறிக்கையில் நான் விட்டது என்ன என்பது, எல்லாம். ஜூலை 3 அன்று நீங்கள் கேட்டதற்கு நான் சொன்ன பதில் உங்களைத் தவறான பக்கம் அனுப்புவதற்காகச் சொன்னது என்றும் எழுதச் சொன்னேன். அவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். வேண்டுமா என்று கேட்பதுபோல இருந்தது. எழுதுங்கள் என்றேன்.

திருமலைச்சாமியையும் இந்திராணியின் அண்ணன்களையும் வரச் சொல்லியிருந்தார். என் வாக்குமூலத்தை அவர்கள் முன் படித்தார். புரியாத இடத்தில் அண்ணன்களில் மூத்தவர் கேட்க, நான் மறுபடி சொன்னேன். கடைசியில் அவர் என்னிடம் கேட்டார்.

"அப்ப இவன் காதுல மணி கேட்டது நெசந்தானுங்களா?"

நெசந்தான் என்றேன்.

இளையவன் எழுந்து வெளியே போய்விட்டான். மூத்தவர் திருமலைச்சாமியைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த மாவட்ட வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பாப்பாளுக்கு நாளைக்குத் தடுப்பூசி போடோணும். காத்தால வந்து கூட்டிட்டுப் போ." அவ்வளவுதான். திருமலைச்சாமியும் சரி என்றுதான் சொன்னார். அவர் புருவத்தின் தழும்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சகாயம் அண்ணன் மீதான வழக்கு அப்படியேதான் இருக்கிறது. வழக்கில் என் பெயரும் சேரும், கம்பெனி பெயரும் சேரும், எவ்வளவு நிற்கும் என்று கோர்ட்டுதான் சொல்ல வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். மருத்துவமனை தன் அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை. அண்ணன் மகளின் நிச்சயம் முறிந்துவிட்டதாக இளங்கோ விசாரித்துச் சொன்னார்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தபோது மணி ஒன்று. வேப்ப மரத்தடியில் சைக்கிளோடு திருமலைச்சாமி நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்க. மொதத் தடவையே லைன் இல்லைன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே டெம்போக்காரர் வீட்டுக்கு ஓடியிருப்பேன். மூணே முக்காலுக்கெல்லாம் கெளம்பியிருப்போம். அவ இருந்திருப்பாளாங்க?"

தெரியவில்லை என்று சொல்லலாம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அது பொய்யும் ஆகாது. வழியில் வேறு ஏதாவது ஆகியிருக்கலாம், ரத்தம் கிடைக்காமல் போயிருக்கலாம் என்றும் சொல்லலாம். எல்லாமே இருக்கக்கூடியதுதான். இரண்டு மாதமாக நான் அப்படிப்பட்ட வாக்கியங்களாகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இருந்திருப்பாங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஏறாமல், மில் இருக்கும் திசையில் நடந்து போனார்.